கட்டளை பதினொன்று

1984-ல் கும்பகோணத்தில் ஜூனியராகச் சேர்ந்தபோது எங்கள் சீனியர் என் கையில் முதலில் கொடுத்தது ஒரு படிவம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிற்சேர்க்கை ‘சி’-யில் ஐந்தாம் எண் படிவம். வழக்கு சம்பந்தமான ஆவணங்களைப் பிரமாணத்தின் பேரில் வெளியிடு என்று கோர்ட் உத்தரவு போட்டால், எதிராளி நிரப்பித் தர வேண்டிய பத்திரம் அது. அதில் இரண்டு அட்டவணை. முதல் அட்டவணைக்கு இரண்டு பாகம்: என் வசம் இருக்கின்றன, காட்டத் தடையில்லை என்பவை ஒன்றில், இருக்கின்றன, ஆனால் காட்ட மாட்டேன், காரணம் இது என்பவை மற்றதில். சீனியர் விரல் வைத்துக் காட்டியது இரண்டாம் அட்டவணையை. முன்பு என்னிடம் இருந்தன, இப்போது இல்லை என்பவை அங்கே வர வேண்டும். எந்தத் தேதி வரை இருந்தன, அப்புறம் என்ன ஆயின, இன்று யார் கையில் இருக்கின்றன என்பதையும் சத்தியம் பண்ணிச் சொல்லியாக வேண்டும்.

“ஏம்மா, இருக்குங்கறதை எவனும் காட்டிடுவான். இல்லைங்கறானே, அதைக் கேளு. எப்பலேர்ந்து இல்லை? எங்க போச்சு?” என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் சந்தித்ததில்லை. சிவில் வழக்கில் உண்மை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் பெரும்பாலும் வலுத்தவன் பீரோவில் இருக்கிறது. சொத்தையோ தொழிலையோ அனுபவத்தில் வைத்திருப்பவன் கணக்கையும் பத்திரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறான். வெளியே நிற்பவனுக்கு வாய்ப்பேச்சுதான் சாட்சி. அந்த இடைவெளியை அடைக்கவே 1908-ஆம் வருடச் சட்டத்தில் கட்டளை 11 இருக்கிறது. எதிராளியிடம் எழுத்தில் கேள்வி கேட்டு, பத்து நாளில் பிரமாணத்தில் பதில் வாங்கலாம். இதற்கு இன்டராகேட்டரி என்று பெயர். ஆவணங்களை வெளியிடச் சொல்லலாம், இதற்கு டிஸ்கவரி என்று பெயர். அவற்றை நேரில் போய்ப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். உத்தரவை மதிக்காவிட்டால் 21-ஆம் விதி: வாதியானால் வழக்கு தள்ளுபடி, பிரதிவாதியானால் அவருடைய எதிர்வாதத்தையே அடித்துவிட்டு, வாதாடாதவர் மாதிரி நடத்தலாம்.

அந்தக் காலத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

வலங்கைமான் பக்கம் ஒரு நெல் அரவை மில். மைத்துனர்கள் இருவர் பங்குதாரர்கள். மூத்தவர் மில்லை நடத்தினார். இளையவர் பணம் போட்டதோடு சரி, வருடா வருடம் லாபம் வாங்கிக்கொண்டிருந்தார். வருகிற லாபம் சுருங்கிச் சுருங்கி ஒரு வருடம் நஷ்டம் என்றே சொல்லிவிட்டார்கள். இளையவர் எங்களிடம் வந்தார். “வக்கீலம்மா, மில்லுக்குள்ள போனா காவக்காரன் மறிக்கிறான். கணக்குப்பிள்ளை என்னைக் கண்டா பெட்டியைப் பூட்டிட்டு எந்திரிச்சிடறார். போட்ட பணத்துக்கு நான் திருடன் மாதிரி வெளியில நிக்கறேன்” என்றார். 1932-ஆம் வருடப் பங்குதாரர் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த உரிமை அவருக்கு அரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருந்தது. மில் வாசலில் இல்லை.

கலைப்புக்கும் கணக்குக்கும் வழக்குப் போட்டோம். எதிருரை வந்ததும் சீனியர் இன்டராகேட்டரிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டார். அவர் கேள்வி எழுதுகிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ‘நீங்கள் கணக்கை மறைத்தீர்களா?’ என்று ஒரு கேள்விகூட இல்லை. ‘மில்லின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? 1976 முதல் மாதா மாதம் கட்டிய மின்கட்டணம் எவ்வளவு? தவிடு யாருக்கு விற்கப்பட்டது? அந்தத் தொகை எந்தப் பேரேட்டில், யார் பற்றில், யார் வரவில் ஏறியிருக்கிறது?’ எண்ணாலோ பெயராலோ மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். மில்லில் எத்தனை மூட்டை நெல் அரைந்தது என்பதைக் கணக்குப்பிள்ளை குறைத்து எழுதலாம். மின்சார வாரிய மீட்டர் அவர் சொல்படி ஓடாது. அரவைக்கு ஓடிய யூனிட்டைப் பிடித்தால் அரிசியைப் பிடிக்கலாம், அரிசியைப் பிடித்தால் தவிட்டையும் குருணையையும் பிடிக்கலாம். தவிட்டில்தான் பணம் போயிருக்கிறது என்று சீனியருக்கு முதல் நாளே சந்தேகம். எண்ணெய் ஆலைக்காரன் ரொக்கம் கொடுத்துத் தவிடு எடுப்பான். ரொக்கத்துக்குச் சீட்டு இருக்காது.

பதில் வந்தது. ஆவண அட்டவணையும் வந்தது. இரண்டாம் அட்டவணையில் ஒரே வரி: 1977 வரையிலான பேரேடுகள் அந்த வருட நவம்பர்ப் புயலில் மில்லுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்து அழிந்துவிட்டன. புயல் பொய்யில்லை. 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கரையேறிய அந்தப் புயல் தஞ்சை மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுக் கூரையையும் தோப்பையும் கொண்டுபோனது. எந்த நீதிபதியும் நம்பக்கூடிய காரணம். சீனியர் மறுக்கவில்லை. மிச்சமிருக்கும் புத்தகங்களை நேரில் பார்க்க நோட்டீஸ் கொடுத்தார்.

பார்வையிடல் எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நடந்தது. அவரும் ஊரில் மதிப்பான சீனியர். ஜெராக்ஸ் கடை அப்போதுதான் ஊருக்குள் எட்டிப் பார்த்த காலம். தைத்த பேரேட்டைப் பிளந்து அந்த மெஷினில் கவிழ்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். உட்கார்ந்து கையால்தான் எழுதியெடுக்க வேண்டும். நீள பெஞ்சில் சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகங்கள்: நாள்வழி, பேரேடு, வருடக் கடைசி ஐந்தொகை. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழி, கீழே ‘லாபம்’ என்று மஞ்சள் தடவிய எழுத்து. ஒரு பக்கம் எங்கள் சீனியர், எதிரே அவர். நடுவில் கணக்குப்பிள்ளை. நானும் குமாஸ்தாவும் பென்சிலோடு.

சீனியர் தொகைகளைப் படிக்கவே இல்லை. 1978-79 நாள்வழியை எடுத்து, பக்கங்களை விரித்து, தையல் ஓடும் நடு இடுக்கில் கட்டைவிரலை வைத்து மெல்ல வருடிக்கொண்டே போனார். அந்தப் புத்தகங்களில் தாளை இரண்டாக மடித்து நடுவில் தைத்திருப்பார்கள். ஒரு பாதியைக் கிழித்தால் மறு பாதிக்குப் பிடிமானம் போய்விடும். தை மாதத்துக்கு அருகே ஒரு தாள் அவர் கையோடு வந்துவிட்டது. அதன் ஜோடியைக் காணோம். அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இன்னும் நாலு பக்கம் தள்ளினார். அங்கே ஒரு வியாபாரியின் பாக்கியைக் கொண்டுவந்து எழுதிய இடத்தில், ஓரத்தில் பொடியாக ஒரு குறிப்பு: பழைய பேரேடு பக்கம் 142. அந்தப் பேரேடு 1977-லேயே தண்ணீரில் போனது. அதன் பக்க எண் 1979-ஆம் வருட நாள்வழியில் எப்படி வந்தது?

“ஐயா, இந்தப் பாக்கியை எதைப் பார்த்து எழுதினீங்க?” என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார், வெகு மரியாதையாக.

“பழைய புஸ்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்” என்றார் அவர். அவருக்கு அட்டவணையில் என்ன எழுதிக் கையெழுத்தானது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் புத்தகத்தை மூடினார். தன் கட்சிக்காரரை உள்ளே கூட்டிப்போனார். உள்ளே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே நடக்கும் பேச்சைச் சட்டம் மூடி வைத்திருக்கிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாய்தாவுக்கு முன்பே பழைய பேரேடுகள் சாக்கில் கட்டி வந்து சேர்ந்தன. கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருந்தனவாம். கமிஷனர் போட்டுக் கணக்குப் பார்த்து, வழக்கு ராஜியில் முடிந்தது. இளையவர் பங்கு முழுசாக வராவிட்டாலும் பெரும்பகுதி வந்தது.

அந்த எதிர்த்தரப்பு வக்கீலை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். அவர் அந்தத் தாளைப் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம், ஆட்சேபணை எழுதச் சொல்லியிருக்கலாம், வருடக்கணக்கில் இழுத்திருக்கலாம். ஒரே பெஞ்சில், நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முகத்துக்கு முகம் உட்கார்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதிரே இருப்பவர் கண்ணால் பார்த்துவிட்டதைப் பிறகு மறுத்து எழுதச் சொல்வது, நாளைக்கும் அதே பார் ரூமில் அவரோடு காபி சாப்பிட வேண்டிய மனிதருக்குச் சுலபமில்லை.

அதற்காக அந்தக் காலம் முழுக்க இப்படியே இருந்தது என்று சொன்னால் பொய். கட்டளை 11-ஐத் தொடாமலே தொழிலை முடித்த வக்கீல்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். குறுக்கு விசாரணையில் திடீரென்று கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, ‘இது உங்கள் கையெழுத்துதானே?’ என்று கேட்டு எதிர்ச் சாட்சியைத் திணறடிப்பதே திறமை என்று பெயர் வாங்கியது. பார்வையாளர் பெஞ்சில் கட்சிக்காரன் முகம் மலரும். நீதிபதிகளுக்கும் இந்த மனுக்கள் என்றால் அலுப்பு: ஐ.ஏ. என்கிற ஒரு இடைக்கால மனு, அதற்குக் கவுண்டர் என்கிற எதிர்மனு, வாதம், உத்தரவு, அதன் மேல் சீராய்வு. அசல் வழக்கு அப்படியே கிடக்கும். 2002-ல் வந்த திருத்தம் இன்டராகேட்டரி மனுவை ஏழு நாளில் முடிக்கச் சொல்கிறது. ஏழு நாளில் முடிந்த மனுவை நான் பார்த்ததில்லை.

இதில் அதிகம் நசுங்கியவர்கள் பெண்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-ல் செய்த திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. பங்கு கேட்டு மகள்கள் கோர்ட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களிடம் என்ன காகிதம் இருந்தது? கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு. அப்பா வாங்கிய நிலத்தின் மூலப்பத்திரம், பட்டா, வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாம் அண்ணன் பீரோவில். எந்தச் சர்வே நம்பர் என்றே தெரியாமல் வழக்குப் போட்டு, சொத்து விவரம் தப்பு என்று அதற்கே அடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அக்கா, “எங்கப்பா கையெழுத்தை ஒரு தடவை பார்த்தா போதும்மா, எந்த வருஷத்துக் கையெழுத்துன்னு நான் சொல்லிடுவேன்” என்றார். அவர் பார்ப்பதற்கே இரண்டு கோர்ட் ஏற வேண்டியிருந்தது. வக்கீல்கள் ‘இதெல்லாம் காலம் கடத்தும் மனு’ என்று உதறும்போது எனக்கு அந்த அம்மாள் நினைவு வரும், கோபமும் வரும். கையில் காகிதம் உள்ளவனுக்குத்தான் இது காலம் கடத்தல். இல்லாதவளுக்கு வழக்கே இதுதான்.

உச்ச நீதிமன்றம் இதைப் பலமாகவே சொல்லியிருக்கிறது. எம்.எல்.சேத்தி வழக்கில் 1972-ல் நீதிபதி மாத்யூ எழுதினார்: வெளியிடக் கேட்கும் ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; சர்ச்சையின் மேல் கொஞ்சம் வெளிச்சம் போட்டால் போதும். அதே மாத்யூ 1975 ஜனவரியில் ராஜ் நாராயண் வழக்கிலும் அமர்வில் இருந்தார். இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்த அந்த மனுவில், பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய ‘நீலப் புத்தகத்தை’ காட்டச் சொன்னபோது அரசு ரகசியம் என்று உத்தரப் பிரதேச அரசு மறுத்தது. நீதிபதியே புத்தகத்தை வாங்கிப் பார்த்து எது ரகசியம், எது இல்லை என்று முடிவு செய்யலாம் என்று தீர்ப்பானது. பொதுக் காரியங்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று மாத்யூ தனித் தீர்ப்பில் எழுதினார். நாட்டையே திருப்பிப் போட்ட ஒரு வழக்கின் நடுவில், ஒரு காகிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்ற தகராறு இருந்திருக்கிறது.

செங்கல்வராய நாயுடு வழக்கு எங்கள் பக்கத்து வக்கீல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கோர்ட் ஏலத்தில் தன் முதலாளிக்காகச் சொத்தை எடுத்த ஒருவர், பிறகு அந்தச் சொத்தை முதலாளிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்துவிட்டார். அந்தப் பத்திரத்தைச் சொல்லாமலே பாகம் கேட்டு வழக்குப் போட்டு டிக்ரியும் வாங்கினார். 1993 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வழக்குக்கு முக்கியமான ஆவணத்தை மறைத்து வாங்கிய டிக்ரி கோர்ட்டையே ஏமாற்றி வாங்கியது, அது செல்லாது என்று தூக்கியெறிந்தது. ஆனால் அந்த மறைப்பு வெளியே வந்து முடிவாக எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள்: விடுதலைப் பத்திரத்தின் தேதி 1945.

மறுபக்கமும் நியாயமானதுதான். எதிராளி வீட்டை முழுக்கத் துழாவிப் பார்க்க டிஸ்கவரி அனுமதிச் சீட்டு கிடையாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்பதற்காக ஒரு கேள்வியை இன்டராகேட்டரியில் கேட்டுவிட முடியாது என்று 1972-ல் அதே உச்ச நீதிமன்றம் ராஜ் நாராயணுக்கே சொல்லியிருக்கிறது. 21-ஆம் விதியின் கடைசி ஆயுதத்தையும் வேண்டுமென்றே, பிடிவாதமாக உத்தரவை மீறினால் மட்டும் எடுக்க வேண்டும் என்று 1978-ல் பாபர் தையல் மெஷின் வழக்கில் சொல்லிவிட்டார்கள். சரியான தீர்ப்பு. அதன் பிறகு கீழமை நீதிமன்றங்கள் அதை எடுக்கவே பயந்தன என்பது வேறு.

இப்போது எப்படி?

2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். வணிக வழக்குகளுக்குக் கட்டளை 11-ஐயே மாற்றி எழுதினார்கள். யாரும் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டாம். வழக்கு சம்பந்தமாக வசமுள்ள எல்லா ஆவணத்தையும், தனக்குச் சாதகமோ பாதகமோ, வாதி வழக்குரையோடும் பிரதிவாதி எதிருரையோடும் தாக்கல் செய்தாக வேண்டும். அசலா நகலா, யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்றும் சொல்ல வேண்டும். எதிருரை வந்த 30 நாளில் பார்வையிடல், அது முடிந்த 15 நாளில் ஒவ்வொரு ஆவணத்தையும் ஒப்புக்கொள் அல்லது காரணத்தோடு மறு. முதலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு என்று இருந்தது. 2018-ல் மூன்று லட்சத்துக்கு இறங்கியது. வலங்கைமான் மில் வழக்கு இன்று வந்தால் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

அப்படி ஒரு வழக்கு வந்தது. கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு பங்கு நிறுவனம். இறந்துபோன பங்குதாரரின் மனைவி எங்கள் கட்சிக்காரர். கணவர் இருந்தவரை தறி, சாயம், கன்டெய்னர் என்று அவர் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் தொழில் பேச்சுத்தான். அவர் போன பிறகு நிறுவனத்திலிருந்து வந்தது ஒரு பக்கக் கணக்கும் ஒரு செக்கும்.

எதிர்த்தரப்பு ஆவணம் எதையும் தர மறுக்கவில்லை. எதிருரையோடு ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பக்கம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், அதே இன்வாய்ஸ் மறுபடியும், அதே ஷிப்பிங் பில் தலைகீழாக. எல்லாம் படமாக ஸ்கேன் செய்தவை. ஒரு பெயரைத் தட்டித் தேட முடியாது. கணக்கு மென்பொருளில் இருந்ததை அச்சுப் பிரதியாகக் கொடுத்தார்கள், டேட்டாவைக் கொடுக்கவில்லை. கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், எந்தப் பதிவை யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் நிற்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பங்கு நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவர்கள் அந்த வசதியைப் போட்டிருக்கவும் இல்லை. கும்பகோணத்து அறையில் ஒரு தாளை மறைக்க அதைக் கிழிக்க வேண்டியிருந்தது. இங்கே அதற்கு முன்னும் பின்னும் ஆயிரம் தாளைச் சேர்த்தால் போதும்.

சட்டப்படி பார்வையிடல் நடந்ததாகத்தான் கணக்கு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் குரலை நான் முதலில் கேட்டதே வீடியோ கான்பரன்சில்தான். ஒப்புதல் – மறுப்புப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் ‘மறுக்கப்படுகிறது’ என்று இறக்கிக்கொண்டே போயிருந்தார், தன் கட்சிக்காரரின் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றைக்கூட. காரணம் சொல்லாத மறுப்பு மறுப்பே ஆகாது என்று விதியில் இருக்கிறது. படிக்க நேரம் இருந்திருக்காது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சான்றை மறுக்க அவருக்கு மனம் வந்திருக்குமா?

வழியைக் கண்டுபிடித்தது என் ஜூனியர். வாட்ஸ்அப் உரையாடல் என்று கொடுத்த ஸ்கிரீன் ஷாட்டுகளை அவள் வரிசையாக மேஜையில் பரப்பிவைத்திருந்தாள். “மேடம், இந்தப் பதிலுக்கு மேல இருக்கிற சின்னப் பெட்டியைப் பாருங்க” என்றாள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால், அந்தச் செய்தியின் முதல் வரி பதிலின் தலையில் சாம்பல் நிறப் பெட்டியில் நிற்கும். பதில், ‘சரி, அப்படியே செய்துவிடுகிறேன்.’ தலைப்பெட்டியில், ‘ஜெர்மனி பேமென்ட்டை அந்த இன்னொரு அக்கவுண்ட்ல…’ வரி அத்தோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த மூலச் செய்தி, கொடுத்த பக்கங்கள் எதிலும் இல்லை. பதிலின் நேரத்தைப் பார்த்தோம். அதற்கு முந்தைய நாள் முழுவதும் ஒரு ஸ்கிரீன் ஷாட்டும் கிடையாது.

எதிர்த்தரப்பு ஏற்கெனவே பிரமாணம் கொடுத்திருந்தது: தாக்கல் செய்ததைத் தவிர வேறு ஆவணம் எங்கள் வசம் இல்லை. புதிய கட்டளை 11 கேட்கும் பிரமாணம் அவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தேன். அது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. செய்தியை அழித்துவிட்டால், இன்றைக்கு அவர்கள் வசம் இல்லை என்பது உண்மைதானே. முன்பு இருந்ததா, எப்போது போனது, இப்போது யாரிடம் என்று கேட்கும் அந்த இரண்டாம் அட்டவணை புதிய சட்டத்தில் இல்லை. படிவம் 5-ஐ எழுதியவர்கள் கறையானையும் வெள்ளத்தையும் பார்த்தவர்கள். காகிதம் காணாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆதாரம் அழிகிற காலத்தில் எழுதிய சட்டம், அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

வணிக வழக்கிலும் இன்டராகேட்டரி உண்டு. அதனால் அந்த அட்டவணையைக் கேள்விகளாக மாற்றினோம். இன்ன தேதியில் எந்தச் செல்பேசி எண்ணை, எந்தக் கருவியில் பயன்படுத்தினீர்கள்? அந்தக் கருவி இப்போது எங்கே? எந்தத் தேதியில் உங்கள் கையை விட்டுப் போனது? அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் யார் யார்? ‘இது ஃபிஷிங்’, அதாவது ஏதாவது சிக்குமா என்று தூண்டில் போடுவது, என்று எதிர்த்தார்கள். இரண்டு கேள்வி குறுக்கு விசாரணைக்கு உரியவை என்று நீதிபதி அடித்தார். மற்றவற்றுக்குப் பதில் சொல்ல உத்தரவிட்டார்.

பதில் வந்தது. கருவியைப் புதிய போனுக்கு மாற்றாகக் கடையில் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த தேதி, எங்கள் வக்கீல் நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போன பிறகு. குழுவில் ஆறு பேர். ஒருவர் வேலையை விட்டுப் போன கணக்கர்.

வேலை பார்த்த இடத்துக்கு விரோதமாக வருவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கரூர் சின்ன ஊர். அடுத்த வேலையும் அதே தெருவில்தான் தேட வேண்டும். அதனால் அவரைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஜூனியரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வழக்கில் தரப்பல்லாத ஒருவரிடமிருந்தும் ஆவணத்தைக் கேட்டு வாங்கப் புதிய கட்டளையின் 5-ஆம் விதியில் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. கோர்ட் கேட்டால் அவரும் ஊருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். உத்தரவு போனது, அவர் போனோடு வந்தார். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரண்டு பாகம். கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திட ஒன்று, நிபுணர் கையெழுத்திட ஒன்று, இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண். அந்த நிபுணரைத் தேடி ஜூனியர் திருச்சிக்கும் கோவைக்கும் அலைந்தது தனிக் கதை.

பாகப்பிரிவினை வழக்குகளுக்கு இந்த 2015 சட்டம் இல்லை. மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றங்களில் குவிந்து கிடக்கும் குடும்பச் சொத்து வழக்குகளில் இன்றும் அதே பழைய கட்டளை 11, அதே மனு, அதே கவுண்டர். அண்ணன் பீரோ இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. சாதகமோ பாதகமோ எல்லாவற்றையும் முதலிலேயே காட்டு என்ற கடமை மூன்று லட்ச ரூபாய் வியாபாரத் தகராறுக்கு வேண்டும், மூன்று கோடி ரூபாய்ச் சொத்தில் பங்கு கேட்கும் மகளுக்கு வேண்டாம் என்பதை நான் எந்த மேடையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கடமையை எல்லாச் சிவில் வழக்குக்கும் விரிக்க வேண்டும். வணிக வழக்கின் பிரமாணத்தில் அந்த இரண்டாம் அட்டவணையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நாடாளுமன்றம் கூடும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. வணிக வழக்கில் கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணை என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு வக்கீலையும் இரண்டு கணக்கரையும் கோர்ட் வளாகத்திலேயே ஒரு மேஜையில் நேருக்கு நேர் உட்கார வைத்து, அசலை நடுவில் வையுங்கள் என்று நீதிபதி சொன்னால் போதும்.

கரூர் வழக்கில் எங்கள் நீதிபதி அதைச் செய்தார். கணக்கர் கொண்டுவந்த செய்திகளை அச்செடுத்து, இரு தரப்பு ஆடிட்டர்களையும் பழைய ரெக்கார்டு அறைப் பக்கத்தில் ஒரு மேஜையில் உட்கார வைத்தார். ஜெர்மனிக்குப் போன சரக்கின் ஷிப்பிங் பில் எண்களை, வங்கியில் பணம் ஏறிய தேதிகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். பென் டிரைவிலேயே அந்த ஷிப்பிங் பில்கள் இருந்தன. அவற்றுக்குரிய வரவு மட்டும் நிறுவனக் கணக்கில் இல்லை. சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பு ஆடிட்டரே ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டார். ஆவணத்தைக் காட்டாததற்குப் போதிய காரணம் இல்லை என்று பாதகமான ஊகம் எடுத்து, செலவுத் தொகையும் விதித்தார் நீதிபதி. அதை அவர்கள் அடுத்த வாய்தாவுக்குள் கட்டினார்கள். இறந்தவர் பங்குக்குரிய ஏற்றுமதித் தொகை டிக்ரியில் ஏறியது.